எழுந்து வெளியே போனவர்கள்



சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் ஒரு பழைய கல்லறை இருக்கிறது. அதன் உச்சி கூர்ந்து வானத்தைப் பார்த்து நிற்கும். வழக்கறிஞர்களும் கட்சிக்காரர்களும் பேசிக்கொண்டே அதைக் கடந்து போவார்கள். நின்று பார்ப்பவர் குறைவு. அந்த இடம் ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களின் இடுகாடு. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை சென்னையை முற்றுகையிட்டபோது, பிரெஞ்சு வீரர்கள் அங்கிருந்த கல்லறைகளின் மறைவில் இருந்துகொண்டு கோட்டையைத் தாக்கினார்கள். முற்றுகை முடிந்த பிறகு ஆங்கிலேயர்கள் கல்லறைகளை இடித்துவிட்டு, எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். இடிபடாமல் தப்பிய ஒன்றிரண்டில் நான் சொல்லும் கல்லறையும் ஒன்று.

அதற்குள் அடக்கமாகியிருப்பவர்களில் ஒருவன் டேவிட் யேல் என்ற சின்னஞ்சிறு பிள்ளை. அவனுடைய தகப்பனார் எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். பிறந்தது பாஸ்டனில், 1649இல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரால் வழங்குகிறது. இவர் அதிகாரத்தில் இருந்த காலத்திலும் இந்தக் கடற்கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அதைப் பேசத்தான் வேண்டும், அதற்குத் தனியாக ஒரு மாலைப் பொழுது வேண்டும். இன்றைக்கு நான் பேச வந்தது இவருடைய பாட்டியைப் பற்றி. இவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டி. பெயர் ஆன் ஈட்டன். அவரோடு, அதே காலத்தில் அமெரிக்கக் கடற்கரையில் வாழ்ந்த இன்னும் சிலரைப் பற்றி.

ஆன் ஒரு பிஷப்பின் மகள். தகப்பனார் ஜார்ஜ் லாய்ட் இங்கிலாந்தில் செஸ்டர் நகரத்து பிஷப். முதல் கணவர் தாமஸ் யேல் இறந்த பிறகு, தியோபிலஸ் ஈட்டன் என்ற பெரிய வணிகரை மணந்துகொண்டார். ஈட்டன் பியூரிட்டன். இங்கிலாந்துத் திருச்சபையில் ரோமாபுரியின் வாசனை இன்னும் போகவில்லை, அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நினைத்தவர்களுக்குத்தான் பியூரிட்டன்கள் என்று பெயர். சுத்தம் செய்ய முயன்றவர்களைப் பிஷப்புகள் நெருக்கினார்கள். நெருக்கடி தாங்காமல் 1630க்கும் 1640க்கும் இடையே சுமார் 20,000 பேர் கடல் கடந்து நியூ இங்கிலாந்துக்குப் போனார்கள். ஈட்டன் குடும்பமும் போனது. ஜான் டாவன்போர்ட் என்ற போதகரோடு சேர்ந்து நியூ ஹேவன் என்ற புதிய ஊரை நிறுவினார்கள். ஈட்டன் அதன் ஆளுநர். 1639இலிருந்து சாகும்வரை ஆண்டுதோறும் அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த ஊர் ஜெபவீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பிரசங்கம் முடிந்தது. அடுத்து இராப்போஜனம், அப்பமும் திராட்சரசமும் பகிர்வது. ஆளுநரின் மனைவி எழுந்து வெளியே போய்விட்டார். பிற்பகலில் மறுபடி ஆராதனை. பிரசங்கம் முடிந்து ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வேளையிலும் அவர் அங்கே இல்லை. ஊரே பார்த்தது. ஆளுநர் வீட்டு அம்மாளின் இருக்கை காலியாக இருந்தால் கண்ணில் படாமல் போகுமா?

நடந்தது இதுதான். டெபோரா மூடி என்ற சீமாட்டி குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காதவர். மாசசூசெட்ஸில் இருக்க முடியாமல், டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த லாங் ஐலண்டுக்குப் போனார். அவரிடமிருந்து ஆன் ஈட்டன் ஒரு புத்தகத்தை இரவல் வாங்கினார். விவரம் தெரியாத குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் ஞானஸ்நானமே ஆகாது, நம்பிக்கையை வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அது பொருந்தும் என்பது அந்தப் புத்தகத்தின் வாதம். ஆன் வாசித்தார். யாரிடமும் கேட்கவில்லை. போதகரிடமும் கேட்கவில்லை, கணவரிடமும் கேட்கவில்லை. தானாக ஒரு முடிவுக்கு வந்தார். அந்த முடிவில் எவ்வளவு நேர்மை இருந்தது பாருங்கள். எனக்குக் கொடுத்ததும் குழந்தை ஞானஸ்நானம்தான், அப்படியானால் நான் இன்னும் ஞானஸ்நானம் பெறாதவள், பெறாதவள் இராப்போஜனத்தில் பங்குபெறக் கூடாது. ஆகவே எழுந்தார். ஊரில் முதல் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி, தன் புத்திக்கு எட்டிய நியாயத்தைத் தன்மேலேயே முதலில் செலுத்திக்கொண்டார்.

போதகர் டாவன்போர்ட் சும்மா இருக்கவில்லை. அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, அதை மறுத்துப் பிரசங்கம் செய்தார். போதாதென்று, மறுப்பை எழுதியே வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். ஆன் ஈட்டன் எதிர்த்து வாதாடவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அப்புறம்தான் விசாரணை வேறு திசைக்குத் திரும்பியது. 1644இல் சபை அவர்மேல் சாட்டிய குற்றங்கள் பதினேழு. மாமியாரை அறைந்தார், கணவரின் மகளைப் பழித்தார், வேலைக்காரர்களைக் கொடுமைப்படுத்தினார் என்று வீட்டுச் சண்டைகளின் பட்டியல் அது. ஞானஸ்நானம் பற்றிய கருத்துக்காகத் தண்டிக்கவில்லை, ஒழுக்கக் கேட்டுக்காகத்தான் என்று சபை காட்ட விரும்பியது. அந்தக் குற்றச்சாட்டுகள் எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஈட்டன் வீட்டில் அமைதி இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் ஜெபவீட்டிலிருந்து எழுந்து போகும்வரை அந்தச் சண்டைகளைச் சபை விசாரிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1645இல் அவரைச் சபைநீக்கம் செய்தார்கள். ஆளுநரின் மனைவி என்பதற்காக விட்டுவிடவில்லை. அந்த மட்டில் அவர்கள் நியாயம் தவறாதவர்கள்.

எழுந்து போவதில் என்ன இவ்வளவு பெரிய குற்றம்? இதைப் புரிந்துகொள்ள அந்த ஜெபவீட்டுக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். படம் கிடையாது, சிலை கிடையாது, வண்ணக் கண்ணாடி கிடையாது. பலகையால் கட்டிய ஒரு கூடம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். யார் எந்த இருக்கை என்பதற்கு அந்தஸ்து பார்த்து ஒழுங்கு. பிரசங்கம் மணிக்கணக்கில் நீளும். பலர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். வீட்டுக்குப் போய்க் குடும்பத்தோடு அதைத் திரும்பப் பேசிப் பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸில் 1635 முதல் ஆராதனைக்கு வருவது சட்டப்படியே கட்டாயம். வந்தவர் எல்லாரும் சபையின் அங்கத்தினர் ஆகிவிட முடியாது. தேவன் தன்னைத் தொட்டது எப்படி என்று சபைமுன் சாட்சி சொல்லி, அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் அங்கத்தினர். 1631இன் சட்டப்படி அங்கத்தினரான ஆணுக்கு மட்டும்தான் வாக்குரிமை. சபையும் சர்க்காரும் இப்படி ஒரே கயிற்றின் இரண்டு புரிகளாக முறுக்கேறி இருந்தன.

இதில் பெண்ணின் நிலை என்ன? சபையில் பெண்கள் பேசக் கூடாது என்பது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் உள்ள கட்டளை. அதை அவர்கள் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார்கள். பெண் வேதாகமத்தை வாசிக்கலாம், வாசித்தே ஆக வேண்டும். பிரசங்கத்தைக் கேட்கலாம், நிறுத்துப் பார்க்கலாம், தன் ஆத்துமாவை இரவும் பகலும் சோதிக்கலாம். சோதித்துக் கண்டதைச் சபையில் வாய் திறந்து சொல்ல மட்டும் முடியாது. படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், யோசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், வாயைக் கட்டிவிட்டார்கள். அவளுக்கு மிச்சம் இருந்தது கால்கள்தான். ஒரு பெண் எழுந்து நடந்தால் அதுதான் அவள் பேச்சு. கேட்டவர்களுக்கும் அது புரிந்தது.

ஆன் ஈட்டனுக்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்னால் பாஸ்டனில் இப்படி எழுந்து போனவர் ஆன் ஹட்சின்சன். லிங்கன்ஷயரில் ஆல்ஃபோர்டு என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் பிரான்சிஸ் மார்பரி ஒரு பாதிரியார். அரைகுறைப் படிப்புள்ளவர்களைப் பிஷப்புகள் குருமார்களாக்குகிறார்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிச் சிறைக்குப் போனவர். ஆக எதிர்த்துப் பேசுவது பிறந்த வீட்டுச் சீதனம். வில்லியம் ஹட்சின்சன் என்ற வணிகரை மணந்தார். பதினைந்து பிள்ளைகள் பெற்றார். ஜான் காட்டன் என்ற போதகரின் பிரசங்கத்தில் உயிரையே வைத்திருந்தார். காட்டன் இங்கிலாந்திலிருந்து பாஸ்டனுக்குத் தப்பி வந்ததும், 1634இல் குடும்பத்தோடு கப்பலேறி அவரைத் தேடி வந்துவிட்டார்.

பாஸ்டனில் அவருடைய வீடு ஆளுநர் ஜான் விந்த்ராப் வீட்டுக்கு எதிரே. பிரசவம் பார்க்கத் தெரிந்தவர், மூலிகை வைத்தியம் அறிந்தவர். பிரசவம் நடக்கும் வீட்டில் இரவெல்லாம் விழித்திருக்கும் பெண்கள் என்னென்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பயம் பேசுவார்கள். அந்தக் காலத்தில் பிள்ளை பெறுவது சாவின் வாசல் வரை போய்வருவது. செத்துப்போனால் நான் இரட்சிக்கப்பட்டவளா, இல்லையா? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான போதகர்கள் சொன்ன வழி, உன் நடத்தையைப் பார், அதில் பரிசுத்தம் தெரிந்தால் ஆறுதல் கொள் என்பது. ஹட்சின்சன் இதை மறுத்தார். நடத்தையைச் சாட்சியாகக் கொள்வது கிரியைகளால், அதாவது நற்செயல்களால், இரட்சிப்பு என்ற பழைய பாதைக்குத்தான் இட்டுச்செல்லும், கிருபை வந்ததைப் பரிசுத்த ஆவியே உள்ளத்தில் நேராகச் சொல்லும் என்றார். பிரசவத்தாலும் பிள்ளைகளாலும் ஆராதனைக்கு வர முடியாத பெண்களுக்குப் பிரசங்கத்தைத் திருப்பிச் சொல்லத்தான் வீட்டில் கூட்டம் தொடங்கினார். அறுபது பேர்வரை வந்தார்கள். பிறகு ஆண்களும் வரத் தொடங்கினார்கள். 1636இல் ஆளுநராக இருந்த இளைஞர் ஹென்றி வேன் அவர் பக்கம் நின்றார்.

திருப்பிச் சொல்வது எப்போது மதிப்பிடுவதாக மாறுகிறது? அந்தக் கோடு மெல்லியது. காட்டனையும் தன் மைத்துனர் முறையான ஜான் வீல்ரைட்டையும் தவிர, மற்றப் போதகர்கள் கிரியைகளைத்தான் போதிக்கிறார்கள் என்று ஹட்சின்சன் சொன்னதாகப் பேச்சு பரவியது. பாஸ்டன் சபையின் மேய்ப்பர் ஜான் வில்சன் பேச எழுந்தால், அவரும் அவரைச் சேர்ந்த பெண்களும் எழுந்து வெளியே போனார்கள். உட்கார்ந்திருக்கும் நூறு பேர் நடுவில் பாவாடைகள் சரசரக்கப் பத்துப் பெண்கள் எழுந்து கதவைத் தாண்டிப் போவதை நினைத்துப் பாருங்கள். பிரசங்க மேடையில் நிற்பவருக்கு அதைவிட உரத்த மறுமொழி இருக்க முடியாது.

1637 நவம்பரில் விசாரணை. பாஸ்டனில் அவருக்கு ஆதரவு அதிகம் என்பதால் ஆற்றுக்கு அப்பால் நியூடவுனில் நடந்தது. அந்த ஊருக்குத்தான் பிறகு கேம்பிரிட்ஜ் என்று பெயர். விந்த்ராப்தான் நீதிபதி, குற்றம் சாட்டுபவரும் அவரே. வாதாட வக்கீல் கிடையாது. நாற்பத்தாறு வயது, கர்ப்பிணி. குளிர்காலத்தில் நிற்கவைத்தே கேள்வி கேட்டார்கள். தளர்ந்து விழப்போகிறார் என்று தெரிந்த பிறகுதான் உட்காரச் சொன்னார்கள்.

முதல் நாள் முழுக்க விந்த்ராபால் அவரை மடக்க முடியவில்லை. குற்றவாளிகளுக்கு இடம் கொடுத்து ஐந்தாம் கட்டளையை மீறினாய் என்றார் விந்த்ராப். ஐந்தாம் கட்டளை தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்வது. அதிகாரிகள் நாட்டுக்குத் தகப்பன்மார், ஆகவே அவர்களைக் கனவீனப்படுத்துவதும் அதே மீறல் என்பது வாதம். கர்த்தருக்குப் பயப்படுகிறவர்களுக்கு இடம் கொடுக்கக் கூடாதா என்று ஹட்சின்சன் திருப்பிக் கேட்டார். வீட்டில் கூட்டம் நடத்த எந்த வசனம் அனுமதி தருகிறது என்று கேட்டார்கள். முதிர்வயதுள்ள பெண்கள் இளம் பெண்களுக்குப் போதிக்க வேண்டும் என்று தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் இருப்பதைக் காட்டினார். அது போதாது என்றால், என் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களைத் திருப்பியனுப்ப எனக்கு விதி காட்டுங்கள் என்றார். இரண்டாம் நாள், தனக்கு எதிராகச் சாட்சி சொன்ன போதகர்கள் சத்தியப்பிரமாணம் செய்து சொல்லட்டும் என்று கேட்டார். மன்றம் தடுமாறியது. தேவனின் ஊழியரைப் பிரமாணம் செய்யச் சொல்வதா என்று சிலர் கொதித்தார்கள்.

அந்த இடத்தில் அவர் நிறுத்தியிருந்தால் என்று அந்த விசாரணைக் குறிப்பைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் அடித்துக்கொள்ளும். நிறுத்தவில்லை. தனக்கு உண்மை தெரிந்தது எப்படி என்று தானே சொல்லத் தொடங்கினார். ஆபிரகாமோடு தேவன் பேசியது போல் தன்னோடும் ஆவியானவர் பேசினார், சிங்கக் கெபியிலிருந்து தானியேலை மீட்டதுபோல் தன்னையும் மீட்பார், தன்னைத் துன்பப்படுத்தினால் உங்கள் சந்ததிக்கே கேடு வரும் என்றார். வேதாகமத்துக்கு வெளியே தேவன் நேரடியாகப் பேசுவது நின்றுவிட்டது என்பது அவர்களின் அடிப்படைக் கொள்கை. மன்றத்துக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அவர் சறுக்கிவிட்டார் என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாதத்தில் ஜெயித்து வீட்டுக்குப் போகலாம், ஆனால் தான் நம்பியதைச் சொல்லாமல் போக வேண்டும். பல வருஷங்களாக வாய் கட்டப்பட்டிருந்தவருக்கு, நாட்டின் பெரியவர்கள் அத்தனை பேரும் காது கொடுத்து உட்கார்ந்திருந்த ஒரே சந்தர்ப்பம் அது. சொல்லிவிட்டார். நாடுகடத்தல் தீர்ப்பானது. என்ன காரணத்துக்காக என்று அவர் கேட்டபோது, காரணம் மன்றத்துக்குத் தெரியும், அது போதும், இனிப் பேசாதே என்றார் விந்த்ராப்.

குளிர்காலம் முழுக்க ராக்ஸ்பரியில் ஒரு வீட்டில் காவலில் வைத்தார்கள். 1638 மார்ச்சில் பாஸ்டன் சபையின் விசாரணை. பேச எழுந்த சொந்தப் பிள்ளைகளையே சபை கண்டித்து அடக்கியது. கடல் கடந்து யாரைத் தேடி வந்தாரோ அந்த ஜான் காட்டன்தான் கண்டன உரையை வாசித்தார். மனைவியாக இருப்பதை விட்டுக் கணவனாகவும், கேட்பவளாக இருப்பதை விட்டுப் போதிப்பவளாகவும், குடிமகளாக இருப்பதை விட்டு ஆள்பவளாகவும் நடந்தாய் என்ற பொருளில் ஹியூ பீட்டர் என்ற போதகர் குற்றம் சாட்டினார். முன்பு யாருடைய பிரசங்கத்தின்போது எழுந்து போனாரோ, அந்த வில்சனே சபைநீக்கத் தீர்ப்பைச் சொல்லி, குஷ்டரோகியைப் போல வெளியே போ என்று கட்டளையிட்டார்.

அவர் கதவை நோக்கி நடந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் இளம்பெண் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். அவர் பெயர் மேரி டயர்.

அந்த நாலடி நடைக்கு மேரி டயர் உடனே விலை கொடுத்தார். கூட நடப்பது யார் என்று யாரோ கேட்க, விகாரமான பிள்ளையைப் பெற்றவள் என்று யாரோ சொன்னார்கள். ஐந்து மாதத்துக்கு முன் அவருக்கு உருக்குலைந்த பெண் குழந்தை செத்துப் பிறந்திருந்தது. பிரசவம் பார்த்தவர்களில் ஹட்சின்சனும் ஒருவர். ஊர்வாய்க்குப் பயந்து ரகசியமாகப் புதைத்திருந்தார்கள். விஷயம் விந்த்ராப் காதுக்குப் போனதும் குழியைத் தோண்டி அந்தச் சிசுவை வெளியே எடுக்கச் சொன்னார். அதைக் கொம்பும் செதிலும் உள்ளதாக எழுதிவைத்தார், இங்கிலாந்து வரை செய்தி பரவியது. கள்ள உபதேசத்துக்குத் தேவன் கொடுத்த தண்டனை என்று பிரசங்கித்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் துயரத்தைத் தோண்டி எடுத்து ஊருக்குக் காட்டினார்கள். விந்த்ராப் கொடியவர் அல்ல, அவருடைய நாட்குறிப்பில் எவ்வளவோ இடங்களில் இரக்கம் தெரியும். அதனால்தான் இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது வயிறு கலங்குகிறது.

ஹட்சின்சன், டயர் குடும்பங்கள் போய்ச் சேர்ந்த இடம் நரகான்செட் வளைகுடாப் பக்கம், பிறகு ரோட் தீவு என்று பெயர் பெற்ற பகுதி. அங்கே ஏற்கெனவே ஒருவர் போய்க் குடியேறியிருந்தார். ரோஜர் வில்லியம்ஸ். 1631இல் வந்ததும் பாஸ்டன் சபையே போதகர் பதவிக்குக் கூப்பிட்டது. நீங்கள் இங்கிலாந்துத் திருச்சபையை முழுக்க உதறவில்லை, உங்களோடு சேர மாட்டேன் என்று மறுத்தார். பிறகு சேலத்தில் போதகராக இருந்தார். பெயரைப் பார்த்து நம் ஊரை நினைத்துக்கொள்ள வேண்டாம், அது எருசலேமின் பழைய பெயரிலிருந்து வைத்தது. அங்கிருந்து அவர் சொன்னவை சர்க்காரின் அஸ்திவாரத்தையே ஆட்டின. இந்த மண் இங்குள்ள பழங்குடிகளுடையது, இங்கிலாந்து அரசர் பட்டயம் எழுதிக் கொடுத்தால் அது நமக்குச் சொந்தமாகிவிடாது. பத்துக் கட்டளைகளில் தேவனைப் பற்றிய முதல் நான்கை மீறுகிறவரைத் தண்டிக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. 1635 அக்டோபரில் நாடுகடத்தல் தீர்ப்பு வந்தது. 1636 ஜனவரியில் கப்பலேற்ற ஆள் வருவதற்குள் பனியில் இறங்கிக் காட்டுக்குள் போய்விட்டார். நரகான்செட் பக்கம் போ என்று ரகசியமாக யோசனை சொல்லி அனுப்பியவர் விந்த்ராப்தான் என்று பிற்காலத்தில் வில்லியம்ஸே எழுதியிருக்கிறார். மனிதர்கள் எத்தனை மடிப்பு உள்ளவர்கள்! வாம்பனோக் மக்கள் அந்தக் குளிரில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். நரகான்செட் தலைவர்கள் கனோனிக்கஸும் மியான்டோனோமியும் நிலம் கொடுத்தார்கள். அதில் எழுந்த ஊர் பிராவிடன்ஸ். அவர்களுடைய மொழியைக் கற்று 1643இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

வில்லியம்ஸின் தத்துவத்தை விரித்துச் சொல்ல நிறைய இருக்கிறது. 1644இல் அவர் எழுதிய நூலை இங்கிலாந்து நாடாளுமன்றம் எரிக்கச் சொன்ன கதை, ஜான் காட்டனோடு வருஷக்கணக்கில் நடத்திய எழுத்துப் போர் எல்லாம் உண்டு. அவற்றை விட்டுவிட்டு, பிராவிடன்ஸில் 1638இல் நடந்த ஒரு சின்ன வழக்கைச் சொல்கிறேன். ஊர் தோன்றி இரண்டு வருஷம், சில பத்துக் குடும்பங்கள். ஜேன் வெரின் என்ற பெண் வில்லியம்ஸ் வீட்டில் நடக்கும் ஆராதனைக்கு அடிக்கடி போவார். ஜேனின் கணவர் ஜோஷுவா வெரின், வில்லியம்ஸுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், போகக் கூடாது என்றார். போனதற்காக அடித்தார், உயிருக்கு ஆபத்து என்னும் அளவுக்கு அடித்தார். ஊர்க் கூட்டத்தில் விவகாரம் வந்தது. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது தேவ கட்டளை, அதை மீறச் சொல்லி மனசாட்சி சுதந்திரம் கேட்க முடியாது என்று வில்லியம் ஆர்னால்டு என்பவர் வாதாடினார். வெரினும் மனசாட்சிப்படிதானே தடுக்கிறார் என்றும் கேள்வி எழுந்தது. யோசித்துப் பார்த்தால் லேசான கேள்வி அல்ல. கடைசியில் மனசாட்சி சுதந்திரத்தைத் தடுத்ததற்காக வெரினின் வாக்குரிமையை ஊர் பறித்தது. மனைவியை அடித்த குற்றத்துக்காக என்று எழுதவில்லை, மனசாட்சியைத் தடுத்ததற்காக என்றே எழுதிவைத்தார்கள். மணமான பெண்ணுக்குச் சட்டத்தில் தனி ஆள் என்ற நிலையே இல்லாத காலத்தில், அவளுக்குள் கணவனின் அதிகாரம் எட்டாத ஓர் இடம் உண்டு என்று ஒரு காட்டூர் தீர்மானம் போட்டது. வெரின் கோபித்துக்கொண்டு மனைவியை இழுத்துக்கொண்டு சேலத்துக்கே திரும்பிப் போனார். அங்கே ஆராதனைக்கு வரவில்லை என்று ஜேன் மேல் புகார் எழுந்தது. இங்கே போனதற்கு அடி, அங்கே போகாததற்கு வழக்கு. அந்தப் பெண் சொன்னதாக ஒரு வார்த்தைகூட எழுத்தில் இல்லை. அவர் எங்கே நடந்தார், எங்கே நடக்க மறுத்தார் என்பதிலிருந்துதான் அவர் மனதை நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

ஹட்சின்சனின் முடிவு சோகமானது. கணவர் இறந்த பிறகு, மாசசூசெட்ஸின் கை ரோட் தீவு வரை நீண்டுவிடும் என்று அஞ்சி, டச்சு ஆட்சிப் பகுதிக்குப் போனார். டச்சுக்காரர்கள் பழங்குடிகள்மேல் நடத்திய கொலைவெறிக்குப் பதிலடி எழுந்த சமயம் அது. 1643இல் தம் பிள்ளைகள் பலரோடு அவரும் கொல்லப்பட்டார். பாஸ்டனில் அதையும் தேவ நியாயத்தீர்ப்பு என்றார்கள்.

மேரி டயர் பிறகு இங்கிலாந்துக்குப் போய் அங்கே குவேக்கரானார். தேவனின் ஒளி ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இருக்கிறது என்று நம்பியவர்கள் குவேக்கர்கள். அவர்களுக்குச் சம்பளம் வாங்கும் போதகர் தேவையில்லை, பெரியவர் முன் தொப்பியைக் கழற்றுவதில்லை, சத்தியப்பிரமாணம் செய்வதில்லை. பெண்கள் பேசலாம் என்பதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். ஜெபக் கூட்டத்தில் ஆவியானவர் ஏவினால் பெண்ணும் எழுந்து பேசலாம். பல வருஷம் முன்பு மௌனமாகக் கையைப் பிடித்து நடந்த பெண், தனக்குப் பேச இடம் இருக்கும் சபையைக் கண்டுகொண்டார்.

1656 ஜூலையில் பார்படாஸ் தீவிலிருந்து பாஸ்டனுக்கு முதன்முதலில் வந்த குவேக்கர்கள் மேரி ஃபிஷர், ஆன் ஆஸ்டின் என்ற இரண்டு பெண்கள். சூனியக்காரிகளின் மச்சம் இருக்கிறதா என்று ஆடை களைந்து சோதித்தார்கள். புத்தகங்களை எரித்தார்கள். சிறையின் சன்னலைப் பலகை அடித்து மூடினார்கள், வெளியே நிற்பவரோடு பேசிவிடக் கூடாதாம். ஐந்து வாரம் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு சட்டத்துக்கு மேல் சட்டம். குவேக்கரை ஏற்றிவரும் கப்பல் தலைவனுக்கு 100 பவுன் அபராதம். திரும்பி வரும் ஆணுக்குக் காதறுப்பு. மூன்றாம் முறை வந்தால் நாக்கில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளை. 1658இல் மூன்று பேரின் வலது காதை அறுத்தார்கள். அந்த ஆண்டே, நாடுகடத்திய பிறகும் திரும்பி வந்தால் மரணம் என்ற சட்டம் வந்தது. அது ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில்தான் நிறைவேறியது. பாதிப்பேருக்கு மனம் ஒப்பவில்லை என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

மற்ற பியூரிட்டன் காலனிகள் சேர்ந்து, உங்கள் எல்லைக்குள் குவேக்கர்களை விடாதீர்கள் என்று ரோட் தீவுக்கு 1657இல் எழுதின. அங்கிருந்து வந்த பதிலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தண்டிக்க எங்களிடம் சட்டம் இல்லை, அவர்களைத் தாராளமாகப் பேசவிட்டு வாயால் மட்டுமே எதிர்வாதம் செய்யும் இடங்களுக்கு அவர்கள் வரவே அவ்வளவாக விரும்புவதில்லை, துன்பப்படுத்தினால்தான் அவர்களுக்கு ஆட்கள் சேர்கிறார்கள் என்று எழுதினார்கள். வில்லியம்ஸுக்குக் குவேக்கர் கொள்கை கொஞ்சமும் பிடிக்காது. 1672இல், எழுபதை நெருங்கும் வயதில், தானே படகு வலித்து நியூபோர்ட்டுக்குப் போய் அவர்களோடு நாள்கணக்கில் தர்க்கம் செய்தார். ஒருவரின் தலைமயிரைக்கூட யாரும் தொடவில்லை.

1659 அக்டோபர் 27. வில்லியம் ராபின்சன், மார்மடியூக் ஸ்டீவன்சன் என்ற இரண்டு குவேக்கர்களின் கைகளைப் பிடித்துக்கொண்டு, நடுவில் மேரி டயர் தூக்குமரத்துக்கு நடந்தார். அவர்கள் பேசுவது ஜனங்கள் காதில் விழாமல் இருக்க வழியெல்லாம் தமுக்கு அடித்தார்கள். சன்னலை மூடிய அதே பயம்தான். இரண்டு ஆண்களையும் தூக்கிலிட்டார்கள். மேரி டயரின் கழுத்தில் கயிறு விழுந்து, முகத்தையும் மூடிய பிறகு மன்னிப்பு வந்தது. மகனின் மனுவுக்கு இரங்கி முன்பே முடிவு செய்திருந்தார்கள். பயமுறுத்தி அனுப்பிவிடலாம் என்று எண்ணம். அவருக்கு அந்தத் தயவு வேண்டியிருக்கவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் வரவில்லை, அந்தச் சட்டத்தை நீக்கச் சொல்லத்தான் வந்தார். அடுத்த வசந்தத்தில் கணவருக்குக்கூடச் சொல்லாமல் பாஸ்டனுக்குத் திரும்பி நடந்தார். கணவர் வில்லியம் டயர் குவேக்கர் அல்ல. என் மனைவியின் உயிரைத் தாருங்கள் என்று ஆளுநருக்குக் கெஞ்சி எழுதினார். 1660 ஜூன் 1 அன்று தூக்கிலிட்டார்கள். 1661 மார்ச்சில் வில்லியம் லெட்ரா என்ற இன்னொருவரையும் தூக்கிலிட்டார்கள். அந்த ஆண்டு இரண்டாம் சார்லஸ் அரசர் இனிக் கொல்லாதே என்று கட்டளை அனுப்பினார். அதைப் பாஸ்டனுக்குக் கொண்டுவந்து ஆளுநர் கையில் கொடுத்தவர் சாமுவேல் ஷாட்டக், மாசசூசெட்ஸ் நாடுகடத்திய சேலத்துக் குவேக்கர்.

இனி நம் பாட்டியிடம் வருவோம். ஆன் ஈட்டனின் மகன் டேவிட் யேல் பாஸ்டனில் இருந்தார். 1646இல் ராபர்ட் சைல்டு என்ற மருத்துவரும் அவரோடு ஆறு பேரும் சேர்ந்து மாசசூசெட்ஸ் மன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள். சபை அங்கத்தினர் அல்லாதவர்களுக்கும் இங்கிலாந்துக் குடிமக்களின் உரிமைகளைக் கொடுங்கள், எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் சபைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது கோரிக்கை. மனுப் போட்டவர்களுக்கு அபராதம் கிடைத்தது. ஏழு கையெழுத்துகளில் ஒன்று டேவிட் யேலுடையது. சில ஆண்டுகளில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். அப்போது எலிஹுவுக்கு மூன்று வயது இருக்கும். பிறந்த ஊரை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. 1658 தொடக்கத்தில் ஈட்டன் இறந்ததும் பாட்டியும் நியூ ஹேவனை விட்டு இங்கிலாந்துக்குப் போய், அடுத்த ஆண்டு காலமானார்.

சென்னையில் பெரும் செல்வம் சேர்த்த எலிஹு, 1718இல் நியூ ஹேவனில் போதகர்கள் நடத்திவந்த ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் அரசர் ஜார்ஜின் படமும் அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்கு விலைபோனது. கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். பாட்டியைச் சபை வெளியே தள்ளிய அதே ஊர்.

அந்தக் கல்லூரியின் நூலகத்தில் இங்கிலாந்திலிருந்து பல நன்கொடையாளர்கள் அனுப்பிய புத்தகங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. கல்லூரித் தலைவர் டிமத்தி கட்லரும் சில இளம் போதகர்களும் கூடி அவற்றை வாசித்தார்கள். பிஷப்பின் கை படாமல் நாம் பெற்ற குருப்பட்டம் செல்லுமா என்ற சந்தேகம் அவர்களுக்குள் வளர்ந்தது. 1722 செப்டம்பரில், பட்டமளிப்பு விழா ஜெபத்தின் முடிவில், ஜனங்கள் எல்லாரும் ஆமென் சொல்லட்டும் என்று இங்கிலாந்துத் திருச்சபையின் வழக்கப்படி கட்லர் சொன்னார். கூடியிருந்தவர்கள் திகைத்தார்கள். மறுநாள் கட்லரோடு சேர்த்து ஏழு பேர் தங்கள் ஐயத்தை எழுத்தில் கொடுத்தார்கள். முன்னோர்கள் எந்தத் திருச்சபையிலிருந்து எழுந்து கடல் கடந்தார்களோ, அதற்கே கட்லர் திரும்பிப் போனார். கல்லூரி அவரைப் பதவியிலிருந்து விடுவித்தது. இனி இங்கே கற்பிக்க வருகிறவர் யாராக இருந்தாலும் விசுவாச அறிக்கையை ஒப்புக்கொண்ட பிறகே வரலாம் என்று விதி எழுதினார்கள். புத்தகங்களை மட்டும் நூலகத்திலேயே விட்டுவைத்தார்கள்.